வளைகாப்புக்கு வந்த புளி

“…அப்புறம் வயிறு கெட்டுப் போச்சுன்னா உன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது? அதனால நீ ஒண்ணும் அலைய வேணாம் பாபு. ஏசியப் போட்டுக்கோ, இந்தா பாட்டில் தண்ணி குடி, ஞாயித்துக்கெழம பட்டுவேட்டி கட்டிகினு வந்து நின்னா போதும்,” என்றாள் வசந்தா அக்கா.

மூடி திறக்காத பாட்டில். ஜெர்மனியில் குழாயைத் திறந்து கையேந்திக் குடிக்கிற நான், சேலையூரில் என் சொந்த அக்கா வீட்டில் சீல் உடைத்துத் தண்ணீர் குடிக்கிறேன். அக்கா குடிப்பது சமையலறைக் குடத்தில் மொண்டு. அவள் கணவர் கன்னியப்பன் மாமா குடிப்பதும் அதே குடத்தில்தான். எனக்கு மட்டும் பாட்டில், எனக்கு மட்டும் புதுத் துண்டு, நான் உட்காரப் போகும் நாற்காலியை மட்டும் முந்தானையால் ஒரு தட்டு. வெளியே போய்விட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு இது தெரியும். முதல் நாள் சுகமாக இருக்கும். மூன்றாம் நாள், இந்த வீட்டில் நாம் யார் என்று ஒரு சந்தேகம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் திவ்யாவுக்கு வளைகாப்பு. நான் தாய்மாமன். எங்கள் குடும்பத்தில் வளைகாப்புக்குப் போடும் ஐந்து வகைச் சாதத்துக்கும் சாமான் மாமன்தான் வாங்கிப் போட வேண்டும். அரிசி, புளி, வெல்லம், தேங்காய், நெய், எல்லாம். எங்கள் அக்காவுக்கு எங்கள் மாமன் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வந்து இறக்கினார். அந்த வேலைக்காகத்தான் லீவு கேட்டு, மனைவி சுகந்தியையும் பிள்ளைகளையும் பள்ளிக்கூட நாளில் அங்கேயே விட்டுவிட்டு, நான் மட்டும் விமானம் ஏறி வந்தேன். வந்து பார்த்தால் அக்கா கேட்டரிங்காரரிடம் பேசி வைத்திருக்கிறாள்.

“சாமான் வாங்கறது என் வேலைதான்க்கா,” என்றேன்.

“கெஸ்டுக்கு எதுக்குடா வேல?”

கெஸ்ட். அந்தச் சொல் நெஞ்சில் போய் நின்றது. மாமாதான் பஞ்சாயத்து பண்ணினார். அவர் பரம்பரை சேலையூர்க்காரர். இப்போது அடுக்குமாடி நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் நாற்று நட்டவர்கள் குடும்பம். எதையும் பேசித் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர். “இன்னாம்மா, மச்சான் ஆசப்படுறான். வெள்ளிக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கேட்டரிங்காரரு போன் பண்றேன்னாரு. அதுக்குள்ள அவ்ளோ சாமானும் வூட்டுக்கு வந்துச்சுன்னா மச்சான் சமையலு. ஒண்ணு கொறஞ்சாலும் கேட்டரிங். இன்னா சொல்ற?”

அக்கா ஒப்புக்கொண்டாள். அன்று வியாழன் மதியம். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. மளிகை விலை பார்ப்பதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது என்று இவர்களுக்குத் தெரியாது.

அந்த வித்தையை நான் கற்ற கதையைச் சொல்ல வேண்டும். மறைமலை நகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவன் நான். ஐ.டி.ஐ. படிப்பு, மீதியெல்லாம் பேசிப் பேசிக் கற்றது. கம்பெனி வழியாகவே காஸல் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு வேலைக்குப் போனேன். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடையும் பூட்டு. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஆனால் தபால்பெட்டி மட்டும் வாய் பிதுங்கி நிற்கும். ஒவ்வொரு கடையும் அடுத்த வாரத்துத் தள்ளுபடி விலையை வண்ண வண்ணமாக அச்சடித்துப் போட்டிருக்கும். ப்ரோஸ்பெக்ட் என்பார்கள். தள்ளுபடிக்கு ஆங்கெபோட். மொழி தெரியாத முதல் குளிர்காலத்தில் நான் எழுத்துக் கூட்டிப் படித்த ஜெர்மன் இலக்கியம் அதுதான். வெண்ணெய், வெங்காயம், கோழித்தொடை என்று படத்தைப் பார்த்துச் சொல் கற்றேன். பிறகு எல்லாக் கடை ப்ரோஸ்பெக்டையும் ஒரே இடத்தில் காட்டும் ஆப் வந்தது. ஞாயிறு மதியம் சுகந்தி பக்கத்தில் உட்கார, எந்தக் கடையில் என்ன என்று பங்கு பிரிப்போம். அந்த ஊரில் ஒரு பெரிய வசதி உண்டு. திங்கட்கிழமை போட்ட விலை சனிக்கிழமை வரை அசையாது. நின்ற இடத்தில் நிற்கும், அந்த ஊர் மனிதர்கள் சிக்னலில் நிற்பதைப் போல. நிதானமாகப் பார்த்து வைத்துவிட்டு, புதன்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் போதும்.

விலையோடு எனக்கு இருக்கும் உறவை அந்த ஊரார் புரிந்துகொள்ளத்தான் கொஞ்ச காலம் ஆனது. மாடிப்படியில் ஒருநாள் மேல்வீட்டுக்காரர் ஊவே உருளைக்கிழங்குப் பையோடு ஏறிவந்தார். பேருந்து ஓட்டுநர், என் வயதுதான். நம் ஊரில் எதிரே பையோடு வருகிறவரிடம் என்ன கேட்போமோ அதைத்தான் கேட்டேன். “வீ டோயர்?” எவ்வளவுக்கு வாங்கினீங்க, அவ்வளவுதான். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். விலையைச் சொன்னார். ஏறிப் போய்விட்டார். மறுநாள் எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு பை உருளைக்கிழங்கு தொங்கியது. யாரோ வீடு மாறி மாட்டிவிட்டார்கள் என்று சுகந்தி அதைக் கொண்டுபோய் ஊவே வீட்டுக் கதவிலேயே மாட்டினாள். அடுத்த நாள் அது திரும்பி வந்தது, கூடவே பிள்ளைகளுக்கு ஒரு சாக்லேட்டும். கடைசியில் நான் மேலே போய்க் கதவைத் தட்டினேன். அவர் குரலைத் தாழ்த்தி, தனக்கும் ஒரு காலத்தில் மாதக் கடைசி கஷ்டமாக இருந்தது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. தெரிந்த அரைகுறை ஜெர்மனில், எங்கள் ஊரில் விலை கேட்பது வாங்க வக்கில்லாமல் அல்ல, உன்மேல் எனக்கு அக்கறை இருக்கிறது என்று சொல்வது, கூடக் கொடுத்து ஏமாந்துவிட்டாயோ என்று பார்ப்பது என்று விளக்கினேன். “அப்படியானால் இத்தனை வருஷம் என்னிடம் யாருமே விலை கேட்கவில்லையே,” என்றார் ஊவே. அன்றிலிருந்து அவர் கடைக்குப் போய் வந்தால் எங்கள் கதவைத் தட்டி, ரொட்டியைத் தூக்கிக் காட்டி, விலை சொல்லிவிட்டுத்தான் மாடி ஏறுகிறார்.

இத்தனை அனுபவத்தோடுதான் வியாழன் சாயங்காலம் அக்கா வீட்டு சோபாவில் உட்கார்ந்தேன். என் போன், திவ்யா போன், மாமா போன் என மூன்றும் எதிரே. மூன்று மளிகை ஆப். மூன்றுக்கும் திவ்யா பேர் வைத்திருந்தாள். பத்து நிமிடத்தில் கொண்டுவருவது ஓட்டக்காரன். எடுத்து வைக்க ஒரு காசு, கவருக்கு ஒரு காசு என்று தனித்தனியாகப் பிடுங்குவது கணக்கப்பிள்ளை. மலிவு, ஆனால் அடுத்த நாள்தான் வரும் என்பது நிதானம். ஏழு மாத வயிற்றின்மேல் போனை நிறுத்தி வைத்துக்கொண்டு அவள் பொருள் சொல்ல, நான் விலை சொல்ல, மாமா எதையோ சொல்ல, பார்த்தால் ஒரே ஓட்டக்காரன் என் போனில் நெய்க்கு ஒரு விலையும் திவ்யா போனில் இன்னொரு விலையும் காட்டுகிறது. மாமா போனில் இரண்டையும்விடக் குறைச்சல்.

“இது இன்னாடா கூத்து? ஒரே டப்பா தானே?”

“உங்க போனு ஸ்க்ரீன் ஒடஞ்சிருக்குல்லப்பா, பாவம்னு கொறச்சிருப்பான்,” என்றாள் திவ்யா.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தார். வந்தவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் போனை எடுத்தார். அவர் போனில் வெல்லம் மலிவு. அவர் கணவர் இதுவரை எந்த ஆப்பிலும் சேரவே இல்லையாம், புதிதாகச் சேருகிறவருக்கு முதல் ஆர்டரில் பெரிய தள்ளுபடியாம். “அவரு போன நான் எடுத்துட்டு வரேன். கேட்டா, சர்ச்சுக்கு நோட்டீஸ் அனுப்பணும்னு சொல்லிக்கிறேன்,” என்று எழுந்தார். அரை மணி நேரத்தில் கீழ் வீடு, மேல் வீடு எல்லாம் ஹாலில் இருந்தது. ஒருத்தர் விலை சொல்ல இன்னொருத்தர் அதற்குக் கீழே சொல்ல, கோயம்பேடு ஏலம் தோற்றது. நான் நடுவில் உட்கார்ந்து எந்தப் பொருள் யார் போனில் எந்த ஆப்பில் என்று கூடை பிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகுநாள் ஆகிறது. காஸலில் நானும் சுகந்தியும் இருவராகச் செய்கிற காரியத்தை இங்கே ஒரு கட்டடமே செய்கிறது. அக்கா மட்டும் சமையலறை வாசலில் நின்று, “பாட்டில் தண்ணி எடுத்துக்கினியா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

எல்லாக் கூடையும் நிறைந்தது. “ஆர்டர் போட்டுடலாமா மாமா?” என்றாள் திவ்யா.

இங்கேதான் நான் ஜெர்மனிக்காரனாகிவிட்டேன். “எதுக்கு அவசரம்? கூடையில இருக்கட்டும். காலையில எழுந்து ஒரு தடவ நிதானமா பார்த்துட்டுப் போடலாம். விலை எங்க ஓடிடப் போவுது?” என்றேன்.

ஹாலில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வெளியூரிலிருந்து வந்தவன், பெரிதாக ஏதோ தெரிந்துதான் சொல்கிறான் என்று நினைத்து எழுந்து போனார்கள்.

காலையில் மழை. சேலையூர் ஏரிப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. போனைத் திறந்தேன். நெய் ஏறியிருந்தது. வெல்லம் ஏறியிருந்தது. நல்லெண்ணெய் இருந்த இடத்தில் ‘தற்போது இல்லை’ என்றிருந்தது. முந்திரி ஒருவருக்கு இரண்டு பாக்கெட்டுக்கு மேல் கிடையாது. புளி மூன்று ஆப்பிலும் இல்லவே இல்லை. நிதானத்தைத் தட்டினால், இன்று ஆர்டர் போட்டால் சனிக்கிழமை மதியம் வரும் என்கிறது. நேற்றே போட்டிருந்தால் இன்று வந்திருக்கும். போதாததற்குக் கணக்கப்பிள்ளை கூடையின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தது. மழைக் கட்டணம்.

“மழை பெய்றதுக்கு நாம காசு குடுக்கணுமா?” என்றார் மாமா. “அப்ப ஏரி ரொம்பிச்சின்னா ஊருக்கே பில்லு அனுப்புவானா? எங்க பாட்டன் காலத்துல மழை வந்தா நமக்குத்தான்டா நெல்லு வந்துச்சு.”

அக்கா எனக்கு முன்னால் பீங்கான் தட்டில் இட்லி வைத்தாள். அவர்களுக்கு எவர்சில்வர் தட்டு. “விடுடா. யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நாலு நாளு இருக்கப்போற, நிம்மதியா இருந்துட்டுப் போ,” என்றாள். அவள் அன்பாகச் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தம்பி என்று அர்த்தம்.

பிறகு நடந்ததற்கு ஸ்டெல்லா டீச்சர்தான் பொறுப்பு. பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை விட்டிருந்தார்கள். செய்தி கேட்டு வந்தவர், வகுப்பில் நிற்பதைப் போல ஹாலில் நின்றார். “ஒருத்தருக்கு ரெண்டு பாக்கெட்னா, நம்ம பில்டிங்ல எத்தன பேரு? ஆளுக்கு ஒரு சாமான். சார், நீங்க பிரிச்சுக் குடுங்க.” முதல் மாடிக்கு அரிசி. இரண்டாம் மாடிக்கு வெல்லமும் நெய்யும். மேல்மாடிக்கு முந்திரி, எண்ணெய் எந்த மூலையில் கிடைத்தாலும் அமுக்க வேண்டியது. புளி கண்ணில் பட்டால் யாராக இருந்தாலும் உடனே வாங்கிவிட வேண்டியது. கதவுகளைத் திறந்தே வைத்தார்கள். மாடிப்படி முழுக்கப் பேச்சு. “டீச்சர், நெய் வெல ஓட்டக்காரன்ல எறங்கிடுச்சு.” “எண்ணெய் ஒண்ணு மாட்டிச்சுங்க.” “தேங்கா இத்துணூண்டு இருக்கு, அத படம் எடுத்துப் பெருசாக் காட்டியிருக்கான்.” எங்கள் கட்டடத்துக் காவல்காரர் ஏழுமலை கேட்டில் நின்று கத்துவார், “செகண்ட் ப்ளோரு, வெல்லம் வந்துகீது.” நான் லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் ஓடி இறங்கி, ஓடி ஏறினேன். ரெயின்கோட்டில் நீர் சொட்டச் சொட்ட வந்த டெலிவரிக்காரர்களுக்கு மாமா டீ கொடுத்து, ஒவ்வொருவரையும் எந்த ஊர் என்று விசாரித்தார். பொத்தேரி காலேஜில் படித்துக்கொண்டே ஓட்டுகிறேன் என்ற ஒருவரிடம் அவர் அப்பா பெயர் வரை போய்விட்டார்.

மதியத்துக்குள் அரிசி வந்தது, பருப்பு வந்தது, தேங்காய், எலுமிச்சை, தயிர், எண்ணெய் எல்லாம் வந்தன. ஹாலில் திவ்யாவைச் சுற்றி மளிகை அடுக்கியிருந்தோம். புளி மட்டும் இல்லை.

நான்கரை மணி. அக்கா வந்து சாமானைப் பார்த்தாள். “புளி சாதம் இல்லாம வளைகாப்பா? வாயும் வயிறுமா இருக்கறவ கேட்டதே அது ஒண்ணுதான்டா.”

“கேக்கல, அழுதேன்,” என்றாள் திவ்யா.

சொன்னபடியே ஐந்து மணிக்குக் கேட்டரிங்காரர் போன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே, “ஒரு பத்து நிமிஷத்துல சொல்லட்டுங்களா?” என்று வைத்தாள். அந்தப் பத்து நிமிடம் அவள் எனக்குப் போட்ட பிச்சை என்று எனக்குத் தெரியும். இனி விலையாவது ஒப்பீடாவது. கேம்ப் ரோடு வரை நடந்து, எந்தக் கடை திறந்திருக்கிறதோ அந்தக் கடையில், கேட்ட விலைக்கு வாங்கிவிடுவது என்று பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தெருவில் தண்ணீர் நின்றது. மேலேயிருந்து அக்கா குரல். “டேய் பாபு, அந்தத் தண்ணில கால வைக்காத.” வைத்தேன். ஜில்லென்றிருந்தது. சிறுவயதில் அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதே தெருவில் இதே தண்ணீரில் செருப்பைத் தேடியிருக்கிறேன். ஆனால் இரண்டடி போவதற்குள் எதிரே ஒரு பைக் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து கேட்டில் நின்றது.

“ஸ்டெல்லா மேடம், புளி,” என்றார் ஓட்டி வந்தவர்.

நான் அந்தப் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினேன். திரும்புவதற்குள் இன்னொரு பைக். அதுவும் புளி, முதல் மாடிக்கு. அதன் பின்னால் இன்னொன்று. அதுவும் புளி. மூன்று ஆப்பிலும் ஒரே நேரத்தில் புளி வந்திருக்கிறது. உடனே வாங்கிவிட வேண்டும் என்று நான் சொன்ன சொல்லை யாரும் மறக்கவில்லை. ஒருத்தர் வாங்கியதை இன்னொருத்தரிடம் சொல்லவும் நேரமில்லை. வீட்டுக்கு இரண்டு பாக்கெட். ஏழுமலை முதலில் கத்திக்கொண்டிருந்தார், பிறகு கத்துவதை நிறுத்திவிட்டு என் கையில் அடுக்க ஆரம்பித்தார்.

“இன்னா சார், புளி மண்டி வைக்கப் போறியா? ஜெர்மனில வேலை போயிடுச்சா?”

மேலே போய்க் கொட்டினேன். ஹால் நடுவில் புளி மலை. ஸ்டெல்லா டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார், திவ்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், மாடி மாடியாக வந்து எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாமா ஒரு பாக்கெட்டைப் பிரித்து வாயில் போட்டுக் கண்ணைச் சுருக்கினார். “மச்சான், இதுல தாம்பரத்துல இருக்கற பித்தள அவ்ளோத்தையும் தேய்ச்சிடலாம்டா.” நேற்றே வாங்கியிருந்தால் மிஞ்சியிருக்க வேண்டிய தள்ளுபடி அத்தனையையும் ஏறிய விலையும் மழைக் கட்டணமும் தின்றிருக்கும். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. நானும் கூட்டிப் பார்க்கவில்லை என்று சொன்னால் சுகந்தி நம்ப மாட்டாள்.

அக்கா சிரிக்காமல் போனை எடுத்தாள். “வேணாங்க, கேட்டரிங் வேணாம். சாமான் எல்லாம் வந்துடுச்சு. யாரா? தம்பிதான்,” என்றாள். வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “தண்ணில கால வைக்காதன்னா கேக்கறியா நீ? போய்க் கால கழுவு, எருமை.” நான் போய்க் குளியலறையில் நின்று, ஒரு நிமிடம் காரணமில்லாமல் இளித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து புளி ஆயத் தொடங்கியிருந்தாள். என் கணக்கிலும் புளி ஏதாவது வந்துகொண்டிருக்கிறதா என்று பார்க்க என் போனைக் கேட்டாள். கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“இதுல நம்ம வூட்டு அட்ரஸ் மேல அதர்னு போட்டுகீது. இன்னா அதரு?”

வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்து நின்றபோது சேர்த்த முகவரி. ஹோமா, ஒர்க்கா, அதரா, அதாவது வீடா, வேலையிடமா, வேறு இடமா என்று அந்த ஆப் கேட்டது. விரல் தானாகப் போய் அதரில் விழுந்தது. ஹோம் என்றால் காஸல், அதை இந்த ஆப்பில் போட்டு என்ன பயன், அங்கே இவன் டெலிவரி கொண்டுவர மாட்டானே. அதே போனில் வழி காட்டும் மேப்பைத் திறந்தால் ட்ஸுஹவுஸ, வீடு, என்று நான் குறித்து வைத்திருப்பது ஊவே மேலே குடியிருக்கும் அந்தக் கட்டடத்தைத்தான். இதையெல்லாம் அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன். “அதுவா கேட்டுச்சுக்கா, நானா போடல,” என்பது மட்டும்தான் வந்தது.

அக்கா, கட்டைவிரலில் புளி ஒட்டியிருந்ததால் சுண்டுவிரலால் அந்த அதரை அழுத்தினாள். வந்த மூன்றில் ஹோமைத் தொட்டாள். போனை என்னிடம் திருப்பிக் கொடுப்பாள் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. என்னைக் கேட்காமல், மற்ற இரண்டு ஆப்பில் என்ன விலை என்று பார்க்காமல், என் கணக்கில் ஒரு கட்டு கறிவேப்பிலை ஆர்டர் போட்டாள்.